மூடுவதற்கு முன் பாருங்கள்: ஜிப்சம் சுவர் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஜிப்சம் போர்டு சுவர், அதாவது காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகைகளை உலோகச் சட்டத்தில் (ஃப்ரேமில்) மாட்டிக் கட்டும் டிரைவால் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பதில் சொல்கிறவன் எங்கிருந்து வந்தவன் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. போர்டும் போர்டும் சேரும் ஜாயிண்ட்டுக்குப் பட்டி (இடுக்கை நிரப்பிச் சமமாக்கும் பூச்சு) இழுக்கும் வேலையில் தொடங்கி, பிறகு சைட் மேற்பார்வைக்கு வந்தவன் நான். அதனால் போர்டு மாட்டுகிறவர்களை விடப் பட்டி இழுக்கிறவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: பெரிய அறையை இரண்டாகத் தடுக்க மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். சுவர் ஒரே அளவுதான். ஆனால் மிகக் குறைந்த தொகைக்கும் மிக அதிகத் தொகைக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. யாரை நம்புவது?

உங்கள் கையில் இருப்பவை ஒரே சுவருக்கான மூன்று விலைகள் அல்ல, மூன்று வேறு வேறு சுவர்களின் விலைகள். நீங்கள் அனுப்பியிருந்த மூன்று தாள்களிலும் 'ஜிப்சம் பார்ட்டிஷன், மெட்டீரியல், லேபர் உட்பட' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அந்த வரிக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

சரி, முதலில் நீங்களே ஒரு தாள் எழுதுங்கள். போர்டு என்ன வகை, எத்தனை மில்லிமீட்டர் தடிமன், பக்கத்துக்கு எத்தனை அடுக்கு? உள்ளே செங்குத்தாக நிற்கும் தகட்டுக் கம்பமான ஸ்டட்டின் தகடு எவ்வளவு தடிமன், ஒரு ஸ்டட்டுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி? நடுவில் ராக்வூல் (சத்தத்தை உறிஞ்சும் கல் இழைப் பஞ்சு) உண்டா? ஜாயிண்ட்டுக்குக் காகித டேப்பா, வலை டேப்பா, பட்டி எத்தனை கோட்? தேய்ப்பது, தூசி துடைப்பது, குப்பை அள்ளுவது யார் பொறுப்பு? அளக்கும்போது கதவுக்கான திறப்பைக் கழிப்பார்களா? இதைக் கேட்க மறந்துவிட்டுக் கடைசி பில்லில் சண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்தத் தாளை மூவருக்கும் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். வித்தியாசம் நிச்சயம் சுருங்கும். பெரும்பாலும் குறைவாகச் சொன்னவரின் தொகைதான் மேலே ஏறும்.

குறைந்த கொட்டேஷனில் எங்கே கை வைப்பார்கள் என்பதை நான் இத்தனை காலமாகப் பார்த்து வருகிறேன். சுவருக்கு 12.5 மி.மீ. போர்டு போட வேண்டிய இடத்தில் 9.5 வரும். 400 மி.மீ. இடைவெளியில் நிற்க வேண்டிய ஸ்டட் 600-ஐயும் தாண்டிப் போகும். தகடு கையால் அழுத்தினாலே வளையும். மூன்று கோட் பட்டி இரண்டாகும். சுவரை முடித்துச் சாவியைக் கொடுக்கிற நாளில் இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் வெள்ளையாக, நேராக, அழகாக இருக்கும்.

இப்போது ஆளைப் பற்றி. விலை பேச வருகிறவர், ஃப்ரேம் அடிக்கிறவர், போர்டு மாட்டுகிறவர், பட்டி இழுக்கிறவர் எல்லாம் பல சமயம் வேறு வேறு ஆட்கள். அதனால் கான்ட்ராக்டரிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: 'ஜாயிண்ட் வேலை யார் செய்கிறார், உங்கள் ஆளா, வெளியிலிருந்து கூப்பிடுவீர்களா?' வெளி ஆள் என்றாலும் பரவாயில்லை. அவர் யார், அவர் முடித்த வேலை எங்கே இருக்கிறது என்று உடனே சொல்லத் தெரிய வேண்டும். 'ஆள் இருக்காங்க, பாத்துக்கலாம்' என்றால் நீங்களும் இன்னொருவரைப் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் வேலை செய்யும் இரண்டு இடங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று, வேலை நடந்துகொண்டிருக்கும் இடம், பெயிண்ட் அடிப்பதற்கு முன். இன்னொன்று, முடிந்து ஒரு வருடமாவது ஆகி, வெயிலையும் மழையையும் பார்த்துவிட்ட சுவர். இரண்டாவது இடத்துக்கு ஒரு டார்ச் கொண்டுபோங்கள். விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் சுவர் மேலேயே வழுக்கிப் போகும்படி அடியுங்கள். மேடு, பள்ளம், டேப் ஓடிய கோடு, ஸ்க்ரூ தலை எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். அப்புறம் கதவு நிலையின் மேல் மூலைகளைப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

வேலை நடக்கும் இடத்தில் பார்க்க வேண்டியது வேறு. போர்டுகளைத் தரையில் கட்டை கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்களா, ஈரச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்களா? ஸ்க்ரூ தலை காகிதத்துக்குச் சற்றே உள்ளே அழுந்தி, ஆனால் காகிதத்தைக் கிழிக்காமல் நிற்கிறதா? ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி இருக்கிறதா? அங்கே நிற்கும் பணியாளரிடமே கேளுங்கள்: 'ஸ்க்ரூ காகிதத்தைக் கிழித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?' பக்கத்தில் கொஞ்சம் தள்ளி இன்னொரு ஸ்க்ரூ போடுவேன் என்றால் அவர் வேலை தெரிந்தவர். போர்டைப் பிடித்து நிற்பது அந்தக் காகிதம்தான். கிழிந்த இடத்தில் ஸ்க்ரூ வெறும் ஜிப்சம் பொடியில்தான் நிற்கும். 'பட்டி போட்டா மறைஞ்சிடும்' என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். ஃப்ரேம் நின்று, வயர், குழாய் எல்லாம் ஓடி, ஒரு பக்கம் மட்டும் போர்டு மாட்டிய நிலையில் வேலையை நிறுத்திப் பார்க்கிற உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வயர்களைச் சோதித்து, குழாயில் அழுத்தம் கொடுத்துப் பார்த்து, ஒவ்வொரு ஸ்டட்டும் தெரியும்படி அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்த பிறகே மறுபக்கம் மூட வேண்டும். கடைசித் தவணையைப் பிரைமர் அடித்து டார்ச் சோதனை முடிந்த பிறகு கொடுங்கள். பிரைமருக்கு முன் மறைந்திருக்கும் குறைகள் பிரைமர் காய்ந்ததும் வெளியே வந்துவிடும். உங்கள் ஊரில் உரிமமும் காப்பீடும் கட்டாயம் என்றால் அந்தக் காகிதங்களைக் கண்ணால் பாருங்கள்.

கேள்வி: கடையில் வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்பு என்று பல நிறப் போர்டுகள் இருக்கின்றன. பச்சை என்றால் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். குளியலறைக்குப் போடலாமா?

பச்சை என்பது 'ஈரப்பதத்தைத் தாக்குப்பிடிக்கும்' போர்டு, நீர்புகாப் போர்டு அல்ல. அதற்கான தரத் தேர்வு எப்படி என்று சொன்னால் விளங்கிவிடும்: போர்டை 2 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து எடுத்தால், அது உறிஞ்சிய நீர் போர்டின் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2 மணி நேரத்துக்கான தேர்வு அது. தினமும் ஷவர் அடிக்கிற சுவர் வருடக்கணக்கில் நனைகிறது. ஆகவே குளியலறையின் சீலிங், வாஷ்பேசின் இருக்கும் உலர்ந்த பக்கம், சமையலறைச் சுவர் ஆகியவற்றுக்குப் பச்சை சரி. ஷவர் தண்ணீர் நேராக விழும் சுவருக்கு சிமெண்ட் போர்டு போட்டு, மேலே நீர்புகாப் பூச்சு கொடுத்து, அதற்கப்புறம் டைல் ஒட்டுங்கள். டைலின் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். பூச்சு இல்லாமல் ஜிப்சம் போர்டு மேலேயே டைல் ஒட்டியிருந்தால் அதன் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். கண்ணுக்கு முன் மூக்குக்குத்தான் அது தெரியவரும்.

நிறத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம், நாட்டுக்கு நாடு மாறும். போர்டின் பின்பக்கத்திலோ ஓரத்திலோ அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 520 எழுத்துகளால் வகை சொல்கிறது: ஏ என்றால் சாதாரணம், ஹெச் என்றால் நீர் உறிஞ்சுவது குறைவு, எஃப் என்றால் தீக்கு எதிராக உள்ளடக்கம் உதிராமல் நிற்பது, டி என்றால் அடர்த்தி கட்டுப்படுத்தியது, ஆர் என்றால் கூடுதல் வலு, ஐ என்றால் மேற்பரப்பு கடினம். ஒரே போர்டில் இரண்டு மூன்று எழுத்துகள் சேர்ந்தும் வரும். அமெரிக்கத் தரத்தில் தீக்கான போர்டுக்கு 'டைப் எக்ஸ்' என்று பெயர்.

எந்த அச்சும் இல்லாத போர்டு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். 2000-களின் நடுவில் அமெரிக்காவில் பல வீடுகளுக்கு இறக்குமதிப் போர்டுகள் போட்டார்கள். அவற்றிலிருந்து கந்தக வாயு கசிந்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்து, ஏசி குழாயிலும் மின் வயரிலும் இருந்த செம்பு கறுத்துப் போனது. பலர் சுவரையே பிய்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே போர்டில் தயாரிப்பாளர் அடையாளம் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது.

படுக்கையறை, படிக்கும் அறை, ஹால் எல்லாவற்றுக்கும் சாதாரண 12.5 மி.மீ. போர்டு போதும். அங்கே பச்சை போடுங்கள் என்று யாராவது வற்புறுத்தினால் அவரிடம் பச்சை ஸ்டாக் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். வளைவுச் சுவருக்கு 6 மி.மீ. அளவில் மெல்லிய போர்டு தனியாக உண்டு. தடிப் போர்டை நனைத்து வளைக்கிறேன் என்கிறவர் கையில் அதைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: தொடர்ந்து 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு இருக்கும் இடத்தில் எந்த ஜிப்சம் போர்டும் வேண்டாம். படிகத்தில் பிணைந்திருக்கும் நீர் மெதுவாக வெளியேறி, போர்டு வலுவிழந்துவிடும்.

கேள்வி: இளஞ்சிவப்புப் போர்டு போட்டால் தீப்பிடிக்காது என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையா?

ஜிப்சம் எரியாது, அது உண்மை. அதன் எடையில் சுமார் 21 சதவீதம் படிகத்துக்குள் பிணைந்த நீர். தீ தாக்கும்போது அந்த நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆவியாகி முடியும்வரை சுவரின் மறுபக்கச் சூடு 100 டிகிரி செல்சியஸைச் சுற்றியே நிற்கும். சாதாரணப் போர்டும் இதைத்தான் செய்கிறது. ஆனால் நீர் போனதும் அது சுருங்கி, விரிசல் விட்டு, உதிர்ந்துவிடும். தீக்கான போர்டில் கண்ணாடி இழை கலந்திருப்பதால் அது இன்னும் கொஞ்ச நேரம் உதிராமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் வாங்குவது அந்தக் கூடுதல் நேரத்தை.

ஒரு மணி நேரம் தாங்கும் என்று சொல்வது தனிப் போர்டின் கணக்கல்ல. ஸ்டட், இருபக்கப் போர்டு, ஸ்க்ரூ இடைவெளி, ஜாயிண்ட் எல்லாம் சேர்ந்த முழுச் சுவரைச் சோதித்துக் கிடைத்த கணக்கு அது. அந்தச் சுவரில் வயருக்கு ஓட்டை போட்டுவிட்டு அடைக்காமல் விட்டால் கணக்கு போச்சு. தீச்சுவர் கேட்கிறீர்கள் என்றால் 'எந்தச் சோதித்த அமைப்பின்படி கட்டுகிறீர்கள்?' என்று கான்ட்ராக்டரைக் கேளுங்கள். தயாரிப்பாளரின் விவரத்தாளில் அது இருக்கும்.

கேள்வி: மகள் வயலின் பழகுகிறாள். அடுத்த அறையில் என் கணவர் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறார். இடையில் ஜிப்சம் சுவர் வைத்தால் சத்தம் நிற்குமா?

தட்டினால் டொக் டொக் என்று கேட்கும் வெற்றுச் சுவரில் சத்தம் நிற்காது அம்மா. சத்தத்துக்கு எடை வேண்டும், நடுவில் உறிஞ்சுகிற ஏதாவது வேண்டும், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும், காற்று போக வழியே இருக்கக் கூடாது. பக்கத்துக்கு இரண்டு அடுக்குப் போர்டு போடுங்கள். முதல் அடுக்கின் ஜாயிண்ட் மேலேயே இரண்டாவது அடுக்கின் ஜாயிண்ட் விழ வேண்டாம். நடுவில் ராக்வூலைத் திணிக்காமல் நிறைவாக வையுங்கள். இடம் இருந்தால் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி ஸ்டட் வரிசை கொடுங்கள்.

அப்புறம் எல்லாரும் கோட்டை விடுகிற இடம்: தரையோடும் சீலிங்கோடும் சேரும் விளிம்பில் காய்ந்தாலும் இறுகாத சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) ஓட்ட வேண்டும். சுவிட்ச் பெட்டிகளை முதுகோடு முதுகாக வைக்கக் கூடாது. சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடாமல் மேலே கான்கிரீட் தளம்வரை போக வேண்டும், இல்லையென்றால் வயலின் மேல் வழியாகத் தாண்டி வந்துவிடும். இவ்வளவும் செய்துவிட்டு உள்ளே வெற்றான மெல்லிய கதவைப் போட்டால் காசு வீண். கனமான கதவு, அடியில் ரப்பர் பட்டை, இவற்றுக்கும் தொகை ஒதுக்குங்கள்.

கேள்வி: டிவி மாட்டலாமா?

மாட்டலாம், மூடுவதற்கு முன் சொன்னால். டிவி, புத்தக அலமாரி, வாஷ்பேசின் வரும் இடங்களைச் சுவரில் வரைந்து கொடுங்கள். அங்கே ஸ்டட்டுகளுக்கு நடுவே 18 மி.மீ. ப்ளைவுட்டைப் பொருத்திவிட்டால் கவலை இல்லை. மூடிய பிறகு நினைவு வந்தால் ஸ்டட்டைத் தேடிப் பிடித்து அதில் ஸ்க்ரூ போடுங்கள். நான் மேலே எடுக்கச் சொன்ன படம் அப்போது உதவும். சிறிய படச் சட்டத்துக்கு, போர்டுக்குப் பின்னால் விரிந்து பிடிக்கும் டாகிள் வகை ஆங்கர் போதும். முன்னால் இழுத்துத் திருப்பும் கை வைத்த டிவியை ஆங்கரை மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள்.

கேள்வி: சுவர் கட்டிச் சில மாதங்களிலேயே கதவு மூலையிலிருந்து சாய்வாக விரிசல். 'ஜிப்சம்னா விரியும், நேச்சுரல்' என்கிறார் கான்ட்ராக்டர். ஏற்றுக்கொள்ளலாமா?

ஏற்றுக்கொள்ளாதீர்கள். கதவு மூலையில் விரிசல் என்றால் நான் முதலில் சந்தேகிப்பது, போர்டின் ஜாயிண்ட் சரியாகக் கதவு நிலையின் ஓரத்துக்கு நேராக விழுந்திருக்கிறது என்பதைத்தான். கதவைச் சாத்தும் ஒவ்வொரு முறையும் அந்த மூலைதான் அதிர்வை வாங்குகிறது. முழுப் போர்டை எடுத்து, கதவின் மூலையை ட எழுத்துப் போல் வெட்டி, ஜாயிண்ட்டைக் கதவுக்கு மேலே நடுப்பக்கமாகத் தள்ள வேண்டும். போர்டு கொஞ்சம் வீணாகும், வெட்டுவதும் சிரமம். அதனால்தான் பலர் செய்வதில்லை.

வேறு காரணங்களும் உண்டு. கதவை ஒட்டி நிற்கும் ஸ்டட்டை இரட்டிப்பாக்காமல் விட்டிருக்கலாம். சுவரின் மேல் விளிம்பு தளத்தை முட்டிக்கொண்டு நின்றால், தளம் சற்றே இறங்கும்போது போர்டு நசுங்கும். மேலே சிறு இடைவெளி விட்டு சீலன்ட் கொடுத்திருக்க வேண்டும். நீண்ட சுவரில் 9, 10 மீட்டருக்கு ஒரு அசைவு இணைப்பு, அதாவது சுவர் சற்றே அசைய இடம் விடும் இடைவெளி வேண்டும். சுவரின் அடியிலும் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கி மாட்டுவதுதான் முறை. தரை கழுவும் தண்ணீரைப் போர்டு உறிஞ்சாமல் இருக்க அது. சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும்.

விரிசல் மேல் பட்டி தடவிவிட்டுப் போகிறேன் என்றால் விடாதீர்கள், திரும்ப வரும். அந்த இடத்தை வெட்டி எடுத்து, ஜாயிண்ட்டைத் தள்ளிப் போட்டு, காகித டேப் வைத்து இழுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒருவர் ஃப்ரேமிலிருந்து பெயிண்ட் வரை இரண்டே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். கேட்கவே நன்றாக இருக்கிறது.

கேட்க மட்டும்தான். டப்பாவில் கலந்தே வரும் பட்டி காய்ந்துதான் இறுகும். ஒவ்வொரு கோட்டுக்கும் சாதாரண நிலையில் சுமார் ஒரு நாள் விட வேண்டும். காற்று ஈரமாக இருந்தால் அதற்கும் மேலே. மூன்று கோட் என்றால் கணக்கை நீங்களே போடுங்கள். தண்ணீர் கலந்ததும் வேதிவினையால் இறுகும் பொடிப் பட்டி வேறு, அதில் ஒரே நாளில் இரண்டு கோட் போகும். ஆனால் அது கல் போல் இறுகும், தேய்ப்பது கடினம், கை தேர்ந்தவர் வேண்டும். வலை டேப் போட்டால் முதல் கோட்டுக்கு இந்தப் பொடிப் பட்டிதான் போட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள்காரரிடம் 'எந்தப் பட்டி?' என்று மட்டும் கேளுங்கள், அவர் முகமே சொல்லிவிடும்.

கேள்வி: பெயிண்ட் அடித்த பிறகு மாலை வெயிலில் ஜாயிண்ட் கோடு கோடாகத் தெரிகிறது. பட்டிக்காரர் பெயிண்டரைச் சொல்கிறார், பெயிண்டர் பட்டிக்காரரைச் சொல்கிறார்.

இருவருக்கும் நடுவில் எழுதாமல் விட்ட ஒரு வரிதான் காரணம். ஃபினிஷுக்கு நிலைகள் உண்டு. அமெரிக்க வழக்கத்தில் 0 முதல் 5 வரை, ஐரோப்பாவில் க்யூ1 முதல் க்யூ4 வரை. மங்கலான, பளபளப்பில்லாத பெயிண்டுக்கு 4-ம் நிலை போதும். ஜன்னலிலிருந்து வெளிச்சம் சுவரோடு ஒட்டிப் பாயும் இடத்துக்கும், மினுங்கும் பெயிண்டுக்கும் 5 வேண்டும். அதாவது ஜாயிண்ட்டோடு நிறுத்தாமல் சுவர் முழுக்க மெல்லிய பட்டி இழுக்க வேண்டும். காகிதமும் பட்டியும் பெயிண்டை வேறு வேறு விதமாக உறிஞ்சுவதால்தான் இந்தக் கோடு. உங்கள் தாளில் நிலை எழுதாததால், பட்டிக்காரர் 4 செய்துவிட்டுப் போனது ஒப்பந்தப்படி தவறில்லை. பெயிண்டர் பிரைமர் அடிக்காமல் நேரே பெயிண்ட் அடித்திருந்தால் அது அவர் தவறு, அதை விசாரியுங்கள். இப்போதைக்கு அந்த ஒரு சுவரை மட்டும் லேசாகத் தேய்த்து, முழுக்கப் பட்டி இழுத்து, பிரைமர் அடித்து, பளபளப்பு குறைந்த பெயிண்ட் போடுங்கள். நானும் பட்டி இழுத்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தப் பட்டிக்காரரை அதற்காகத் திட்ட வேண்டாம்.

கேள்வி: பழைய வீட்டில் ஜிப்சம் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம். நாங்களே இடித்தால் என்ன?

வீடு எந்தக் காலத்தது என்று பாருங்கள். 1970-கள் வரை ஜாயிண்ட் பட்டியில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை கலப்பது பல நாடுகளில் வழக்கம். அமெரிக்கா 1977-ல்தான் அதைத் தடை செய்தது. அந்தக் காலத்துச் சுவர் என்றால் தேய்க்காமல், உடைக்காமல், முதலில் ஒரு துண்டைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை கை வைக்க வேண்டாம். புதுப் பட்டியின் தூசியும் நல்லதில்லை. அதில் டால்க், மைக்கா, சில வகைகளில் சிலிக்காவும் இருக்கும். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு தேய்க்காதீர்கள், நல்ல தூசி முகமூடி வேண்டும். வாக்குவம் இணைத்த தேய்ப்பான் வைத்திருக்கும் கான்ட்ராக்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: சிறிய சுவரை நானே கட்டிப் பார்க்க ஆசை. முடியுமா?

ஃப்ரேமும் போர்டும் முடியும் தம்பி. ரசமட்டம், அளவு நாடா, ஸ்க்ரூ கன், போர்டு வெட்டும் கத்தி, தூக்கிப் பிடிக்க ஒரு துணை ஆள். 12.5 மி.மீ. முழுப் போர்டு சுமார் 25 கிலோ இருக்கும், ஒற்றை ஆளாக ஏற்றினால் மூலை உடையும். ஒற்றை அடுக்குக்கு 25 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள், சுவரில் 300 மி.மீ. இடைவெளி. சீலிங்குக்கு இன்னும் நெருக்கமாக வேண்டும், அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பட்டி வேலைக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டவர் இழுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த சுவருக்கு நீங்களே பிளேடை எடுக்கலாம். முதலில் அலமாரி மறைக்கப் போகிற பக்கத்தில் இழுத்துப் பழகுங்கள்.